சங்கம் கை காட்டினா ஓட்டு விழுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதத்துலயும் மெயில்லயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், தொழிற்சங்கம் தேர்தல்ல ஏன் தலையிடுது, யாருக்கு ஆதரவு குடுக்குது, அதனால யாருக்கு லாபம். சரின்னு மத்த கேள்வியை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரும் இல்ல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: நான் கவர்மெண்ட் பஸ் டிரைவர். எலக்ஷன் வந்துட்டா போதும், டெப்போ வாசல்ல கேட் மீட்டிங் போட்டு இன்னாருக்கு ஓட்டு போடுங்கன்னு சங்கத்துக்காரங்க மைக்ல பேசுறாங்க. சம்பள ஒப்பந்தம், பஞ்சப்படி, ரிட்டயர்டு ஆனவங்க பாக்கி, இதைப் பேச வேண்டிய சங்கத்துக்கு அரசியல் எதுக்கு சார்? (விழுப்புரம்)

உங்க முதலாளி யாருன்னு முதல்ல பாருங்க. போக்குவரத்து கழகத்தோட ஓனர் அரசாங்கம், டிக்கெட் விலையை முடிவு பண்றது அரசாங்கம், ஊதிய ஒப்பந்தம் பேசும்போது எதிர்ல உக்கார்றது மந்திரி. இதுல அரசியலே வேணாம் சம்பளம் மட்டும் பேசுன்னா சங்கம் யார்கிட்டதான் போய் பேசும்? இது இன்னைக்கு வந்த பழக்கமும் இல்ல. 1918 ஏப்ரல் 27ல சென்னை தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சப்ப தலைவரா வந்தவர் பி.பி.வாடியா, ஹோம்ரூல் இயக்கத்துக்காரர், கூடவே நின்னவர் காங்கிரஸ்ல இருந்த திரு.வி.க. பெரம்பூர் பி அண்ட் சி மில் தறியில நின்ன ஆள் இல்ல ரெண்டு பேருமே. மில்லை நடத்தின பின்னி கம்பெனி வாடியா மேல ஹைகோர்ட்ல கேஸ் போட்டு அவரை ஒதுங்க வச்சுது, அந்த கேஸ் கிளப்பின சூடுதான் 1926 தொழிற்சங்க சட்டம் வர்றதுக்கு ஒரு பெரிய காரணம். சிங்காரவேலர் 1923ல சென்னை கடற்கரைல மே தினம் கொண்டாடினார், அப்புறம் சென்னை மாநகராட்சிக்கு கவுன்சிலராவும் போனார். அதனால சங்கம் அரசியல் பேசுறதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல.

எனக்கு உறுத்துறது வேற. உங்க டெப்போ வாசல்ல வரிசையா நிக்கற கொடிக்கம்பத்தையும் பக்கத்துல இருக்கற போர்டையும் பாருங்க, தொ.மு.ச.ன்னா திமுக, அண்ணா தொழிற்சங்கம்னா அதிமுக, சிஐடியுன்னா மார்க்சிஸ்ட், ஏஐடியுசின்னா இந்திய கம்யூனிஸ்ட், ஐஎன்டியுசின்னா காங்கிரஸ், பிஎம்எஸ்னா அது ஆர்எஸ்எஸ் குடும்பம். கொடியை பாத்தாலே ஓட்டு யாருக்குன்னு தெரிஞ்சு போயிடுது. அப்போ கேட் மீட்டிங்ல சொல்றாங்களே "ஆதரவு", அது சங்கம் கூடி பேசி முடிவு பண்ணினதா? கட்சியில வேட்பாளர் பேர் வருது, சங்கம் நோட்டீஸ் அடிக்குது, அவ்வளவுதான் நடக்குது. எந்த வேட்பாளரையாவது டெப்போவுக்கு கூப்பிட்டு நீ ஜெயிச்சா எங்க பாக்கிக்கு என்ன பண்ணுவன்னு உக்காத்தி வச்சு கேட்டு, பதில் புடிக்கலன்னா உனக்கு கிடையாதுன்னு சொன்னதா நான் கேள்விப்பட்டதே இல்ல. குடுக்காம நிறுத்தி வைக்க முடியாத ஆதரவுக்கு எந்த வேட்பாளரும் எதுவும் தர மாட்டான், ஏன் தரணும், அதான் ஏற்கனவே அவன் பாக்கெட்ல இருக்கே.

ஆட்சி மாறினா என்ன நடக்கும்னு நீங்களே பாத்திருப்பீங்க. கொஞ்ச நாள்ல இந்த சங்கத்துலேர்ந்து அந்த சங்கத்துக்கு ஆள் நகரும், கொள்கை மாறியா? ஓ.டி. கிடைக்கும், நல்ல ரூட்டு கிடைக்கும், வீட்டு பக்கத்து டெப்போவுக்கு டிரான்ஸ்ஃபர் கிடைக்கும், அதுக்குத்தான். அதை நான் தொழிலாளி மேல குத்தமா சொல்லல, அவன் கணக்கு அவனுக்கு.

இதுல ஒரு விதிவிலக்கையும் சொல்லணும். 2024ல சுங்குவார்சத்திரம் சாம்சங் ஃபேக்டரில செப்டம்பர் 9 ஆரம்பிச்சு 37 நாள் வேலைநிறுத்தம், நடத்தினது சிஐடியு. மார்க்சிஸ்ட் கட்சி அப்போ ஆளுங்கட்சியா இருந்த திமுகவோட கூட்டணியில இருக்கு, சில மாசம் முன்னாடிதான் ஒண்ணா நின்னு எம்பி எலக்ஷன் ஜெயிச்சிருக்காங்க. ஆனாலும் சங்கத்தை பதிவு பண்ணவே ஹைகோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, 2025 ஜனவரில போய்தான் பதிவாச்சு. கூட்டணி பாசத்துக்காக அந்த தொழிலாளிங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா அதுவும் நடந்திருக்காது. அந்த போராட்டத்தப்ப சிஐடியு மாநிலத் தலைவரா இருந்த அ.சவுந்தரராசன் 2011ல அதிமுக கூட்டணியில பெரம்பூர்ல நின்னு எம்எல்ஏ ஆனவர், அதே வருஷம் நவம்பர்ல அதே அதிமுக அரசு பஸ் கட்டணத்தை ஏத்துச்சு. மேடையில கூட நிக்கறது ஒரு நாள் வேலை, மிச்ச நாளுக்கு சங்கம் தனி முதுகெலும்போட இருக்கணும்.

கேள்வி: என் சந்தா காசை எடுத்து ஒரு கட்சி வேட்பாளருக்கு செலவு பண்ணலாமா? நான் அந்தக் கட்சியே கிடையாது. (அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் தொழிலாளி)

பொது நிதிலேர்ந்து பண்ணக்கூடாதும்மா. 1926 சட்டத்துலயே அது தெளிவா இருக்கு, அரசியலுக்கு செலவு பண்ணணும்னா சங்கம் தனியா ஒரு நிதி வைக்கணும், அதுக்கு தனியா வசூல் பண்ணணும். அந்த தனி நிதிலேர்ந்து எதுக்கெல்லாம் குடுக்கலாம்னும் பட்டியல் இருந்துச்சு, சட்டசபை, பாராளுமன்றம் மட்டும் இல்ல, உள்ளாட்சி தேர்தல்ல நிக்கற வேட்பாளரோட செலவு, கூட்டம், நோட்டீஸ், வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கற வேலைன்னு எல்லாமே. ஆனா எந்த உறுப்பினரையும் அதுக்கு கட்டாயப்படுத்தக் கூடாது, நீ அரசியல் நிதி குடுக்கல அதனால உனக்கு சங்க சலுகை கிடையாதுன்னு ஒதுக்கவும் கூடாது. 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த புது தொழிலுறவு சட்டத் தொகுப்புலயும் தனி நிதி, கட்டாயம் இல்லைங்கற ரெண்டும் தொடருது.

இந்த ஏற்பாடு நம்ம ஊர்ல முளைச்சது இல்ல. நீங்க கேட்ட இதே கேள்வியை இங்கிலாந்துல ஆஸ்பர்ன்னு ஒரு ரயில்வே ஊழியர் கேட்டார், அவர் லிபரல் கட்சி அபிமானி, என் காசு ஏன் லேபர் கட்சிக்கு போகணும்னு கோர்ட்டுக்கு போயி 1909ல ஜெயிச்சும் காட்டினார். லேபர் கட்சிக்கு அது பெரிய அடி. அதுக்கப்புறம் 1913ல தனி அரசியல் நிதி, விருப்பம் இல்லாதவங்க விலகிக்கலாம்னு சட்டம் போட்டாங்க. வெள்ளைக்காரன் அதே யோசனையை இங்கயும் கொண்டு வந்தான்.

நடைமுறை என்னன்னா, எனக்குத் தெரிஞ்ச முக்கால்வாசி சங்கத்துல ரசீது புக்கே ஒண்ணுதான், அதுல பொது என்ன அரசியல் என்ன. கணக்கு புத்தகத்தை பாக்க உறுப்பினருக்கு உரிமை இருக்கு, பொதுக்குழுவுல எழுந்து கேளுங்க. தனியா கேட்டா முறைப்பாங்க, ஒரு நாலு பேரா சேர்ந்து கேட்டா கொஞ்சம் மரியாதை கிடைக்கும். இன்னொண்ணு, தேர்தல்ல சங்கம் தர்ற பெரிய உதவி காசே இல்ல. பூத் ஏஜெண்டா உக்கார ஆள், சிலிப் எழுத ஆள், சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வீடு வீடா போக ஆள். அதுக்கு எந்த கணக்குப் புத்தகமும் கிடையாது.

கேள்வி: நாங்க சிகாகோவுல இருக்கோம். இங்க டீச்சர்ஸ் யூனியன் ஒரு மேயரையே உருவாக்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம ஊர்ல இப்படி முடியுமா? (சிகாகோ)

உருவாக்கினாங்கன்னு சொல்றது முழு பொய்யும் இல்ல முழு உண்மையும் இல்ல. நம்ம வாசகர்களுக்காக கதையை சுருக்கமா சொல்லிடறேன். பிராண்டன் ஜான்சன் முன்னாள் ஸ்கூல் வாத்தியார், அப்புறம் சிகாகோ டீச்சர்ஸ் யூனியன்லயே சம்பளத்துக்கு வேலை பாத்த ஆர்கனைசர். 2023 பிப்ரவரில மேயர் தேர்தல், மொத்தம் 9 பேர், அதுல பதவியில இருந்த மேயர் லோரி லைட்ஃபுட்டே மூணாவதா வந்து அவுட். ஏப்ரல் 4ல கடைசி ரெண்டு பேருக்குள்ள போட்டி, ஒரு பக்கம் டீச்சர்ஸ் யூனியன் ஆதரவோட ஜான்சன், இன்னொரு பக்கம் போலீஸ்காரங்க சங்கம் ஆதரவு குடுத்த பால் வாலஸ். கவனிச்சீங்களா, ரெண்டு பேர் பின்னாடியும் நின்னது யூனியன்தான். ஒண்ணு ஸ்கூலுக்கு காசு கேக்குது, ஒண்ணு போலீஸுக்கு காசு கேக்குது, ஊர் பட்ஜெட் ஒண்ணுதான். ஜான்சன் ஜெயிச்சார்.

அங்க யூனியன் ஆதரவுக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னா, சிகாகோ மேயர் தேர்தல்ல ஓட்டுச் சீட்டுல கட்சி பேரே கிடையாது. யார் எந்தப் பக்கம்னு ஓட்டருக்கு அடையாளம் காட்ட யாராவது வேணும், அந்த இடத்துல யூனியன் வந்து நிக்குது. நம்ம ஊர்ல அதுக்கு கிட்டத்துல இருக்கறது கிராம ஊராட்சி தேர்தல், தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சி சின்னம் இல்லாமதான் நிக்கறாங்க. அங்க போயி நூறு நாள் வேலைக்கு போறவங்க சங்கமோ கட்டிட தொழிலாளி சங்கமோ இவருக்கு எங்க ஆதரவுன்னு சொன்னா எடுபடும், ஆனா யாரும் அந்தப் பக்கம் மெனக்கெடுறதில்ல, சாதிக்கும் சொந்தபந்தத்துக்கும் விட்டுட்டாங்க.

இதோட கசப்பான பக்கத்தையும் பாக்கணும். ஜான்சனுக்கு செலவு பண்ண சந்தாவுலேர்ந்து மாசம் இத்தனை டாலர்னு ஒதுக்கினதுக்கு யூனியனுக்குள்ளயே சில டீச்சர்ஸ் எதிர்ப்பு தெரிவிச்சாங்க (அம்பத்தூர் அம்மா கேட்ட அதே கேள்வி). ஜெயிச்சதுக்கு அப்புறம் இன்னும் சிக்கல். யூனியனோட புது சம்பள ஒப்பந்தம் பேசணும், எதிர்ல இருந்த ஸ்கூல் போர்டை அப்போ நியமிச்சவர் மேயர், மேயர் நேத்து வரைக்கும் யூனியன் ஆள். பேரம் பேசுற மேஜைக்கு ரெண்டு பக்கமும் ஒரே ஆளான்னு ஊரே கேட்டுச்சு. 2024 அக்டோபர்ல போர்டு மெம்பர்ஸ் 7 பேரும் மொத்தமா விலகறோம்னாங்க, டிசம்பர்ல ஸ்கூல் நிர்வாகத் தலைவரை வேலையை விட்டு எடுத்தாங்க. ஒப்பந்தம் என்னவோ 2025 ஏப்ரல்ல வந்துச்சு, டீச்சர்ஸ்க்கு நல்ல ஒப்பந்தம்தான். ஆனா ஊர்க்காரங்க மூட் மாறிடுச்சு, 2024 நவம்பர்ல முதல் தடவையா ஸ்கூல் போர்டுக்கு நடந்த தேர்தல்ல 10 இடத்துக்கு யூனியன் ஆதரவு குடுத்தவங்க ஜெயிச்சது 4தான்.

இன்னொரு ஊர் கதை, லாஸ் வேகாஸ். அங்க ஓட்டல், கேசினோல வேலை பாக்கற குக்கு, ரூம் கிளீன் பண்றவங்க, இவங்களோட கலினரி யூனியன்னு ஒண்ணு, சுமார் 60,000 பேர், பெரிய பெரிய தலைவருங்க எல்லாம் அவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. 2008ல டெமாக்ரடிக் கட்சியோட ஜனாதிபதி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற போட்டியில அந்த யூனியன் ஒபாமாவுக்கு ஆதரவுன்னு அறிவிச்சுது, ஆனா கேசினோக்குள்ளயே நடந்த வாக்கெடுப்பு கூட்டங்கள்ல கூட ஹிலாரி பக்கம் நிறைய பேர் போயிட்டாங்க. 2020ல அதே மாதிரி போட்டியில யாருக்கும் ஆதரவு இல்லைன்னாங்க, ஆனா சாண்டர்ஸோட மருத்துவ காப்பீடு திட்டம் வந்தா நாம போராடி வாங்கின இன்சூரன்ஸ் போயிடும்னு நோட்டீஸ் விட்டாங்க, உறுப்பினர்கள் படிச்சிட்டு போய் சாண்டர்ஸுக்கே போட்டாங்க. ஓட்டு போடற இடத்துல ஆள் தனியாதான் நிக்கறான்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு சங்கமும் கட்சியும் ஒண்ணுதான். சந்தா வெட்டுறதும் அவங்கதான், எலக்ஷன் கேக்குறதும் அவங்கதான், தண்ணி லைன் வேணுமுன்னாலும் தோட்டத் தலைவர்கிட்டதான் போகணும். இது நல்லதுங்களா? உங்க நாட்டுலயும் இப்படித்தானா? (ஹட்டன், இலங்கை)

எங்க நாட்டுல கட்சி சங்கத்தை பெத்துச்சு, உங்க மலையகத்துல சங்கம் கட்சியை வளத்துச்சு. அது ஏன் அப்படி ஆச்சுங்கறதுல ஒரு நியாயம் இருக்கு, எங்க பக்கத்து வாசகர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாது.

1939ல இலங்கை இந்தியன் காங்கிரஸ், அடுத்த வருஷம் அதோட தொழிற்சங்கம், பின்னாடி அதுதான் இலங்கை தொழிலாளர் காங்கிரஸ். 1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ் 6 இடம் ஜெயிச்சுது, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவுல. தோட்டத்து சனங்க ஓட்டு இடதுசாரிகளுக்கும் போயி கொழும்புல இருந்தவங்களுக்கு பயம் வந்துடுச்சு. 1948ல குடியுரிமை சட்டம், லட்சக்கணக்கான பேருக்கு நாடே இல்லைன்னு ஆச்சு, ஓட்டும் போச்சு. 1952 தேர்தல்ல மலையகத்துலேர்ந்து ஒருத்தர் கூட போக முடியல. அப்புறம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், லட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு கப்பல் ஏத்தினது. அந்த முப்பது வருஷமும் ஓட்டு இல்லாத சனங்ககிட்ட மிச்சம் இருந்தது செக்ரோல்ல (தோட்டத்து வேலையாள் பதிவேடு) பேரும் சங்கத்துல சந்தாவும்தான். ஓட்டை எண்ண முடியாதுன்னா சந்தா கட்டுறவங்களை எண்ணு, கொழுந்து எடுக்கறதை நிறுத்தினா எத்தனை தோட்டம் நிக்கும்னு எண்ணு. தொண்டமானுக்கு இருந்த பலம் அது. 1977ல தேர்தல்ல ஜெயிச்சு திரும்ப பாராளுமன்றம் போனார், 1978ல மந்திரி.

எனக்கு அவர்கிட்ட புடிச்ச இடம் அதுக்கு அப்புறம் வர்றது. மந்திரியா இருந்துக்கிட்டே 1984ல தோட்டங்கள்ல வேலைநிறுத்தம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்னு வாங்கினது அப்போதான். 1986 தைப்பொங்கல் அன்னைக்கு பிரார்த்தனைன்னு பேர் வச்சு காலைல வேலைக்கு போகாம குடியுரிமைக்கு போராட்டம். தான் உக்காந்திருக்கற அரசாங்கத்துக்கு எதிரா தன் சங்கத்தையே இறக்கினார். அவரை விமர்சிக்க ஆயிரம் இருக்கு, குடும்ப அரசியல் உட்பட, ஆனா ஆதரவை திருப்பி வாங்கிக்கற சக்தியை அவர் கையிலயே வச்சிருந்தார்.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். ஓட்டு எல்லாருக்கும் வந்தாச்சு. ஆனா ஏற்பாடு பழையபடியே நின்னு போச்சு. ஒரு சங்கம் பல சங்கமாச்சு, 1965ல தொழிலாளர் தேசிய சங்கம், 1989ல மலையக மக்கள் முன்னணி, இப்படி ஒவ்வொண்ணா, ஒரே லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) நாலு வீட்டுல நாலு சங்கத்து சந்தா. தோட்டத்துக்குள்ள ரோடு, கான் (சாக்கடை), தண்ணி, எல்லாத்துக்கும் தலைவர் சிபாரிசுதான்னு ஆனதுக்கு சட்டமும் ஒரு காரணம்ங்கறதை நிறைய பேர் மறந்துடறாங்க. 1987 பிரதேச சபை சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு, அதை காட்டி தோட்டத்துக்குள்ள சபை பணம் செலவு பண்ண முடியாதுன்னு பல வருஷம் கையை விரிச்சாங்க. வரியும் ஓட்டும் வாங்குற சபை லயத்துப் பக்கம் எட்டிப் பாக்காது. அந்தப் பிரிவை 2018லதான் திருத்தினாங்க, அதே வருஷ தேர்தல்ல நுவரெலியா மாவட்டத்துல கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியான்னு புது சபைகளும் வந்துச்சு. வேட்பாளர் பட்டியலை பாத்தா அதே சங்கத்து தலைவர்மார். நேத்து வரைக்கும் துரைகிட்ட (தோட்ட மேனேஜர்) பேசினவரே இன்னைக்கு சபையில உக்காந்தா, சபை வேலை சரியில்லன்னு நீங்க யார்கிட்ட போய் முறையிடறது? அதான் பிரச்சினை.

2024ல நடந்ததை பாருங்க. கொட்டகலைல இலங்கை தொழிலாளர் காங்கிரஸ் நடத்தின மே தின கூட்டத்துக்கு ஜனாதிபதி ரணிலே வந்து நாள் சம்பளம் 1,700ன்னு அறிவிச்சார். கம்பெனிங்க கோர்ட்டுக்கு போச்சு, கடைசில கெஜட்ல வந்த அடிப்படை சம்பளம் 1,350. செப்டம்பர் ஜனாதிபதி தேர்தல்ல காங்கிரஸ் ரணிலுக்கு ஆதரவு, எதிர்ப்பக்க தமிழ் முற்போக்கு கூட்டணி எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்கு ஆதரவு. நுவரெலியாவுல சஜித் முந்தினார். ரெண்டே மாசத்துல பாராளுமன்ற தேர்தல், அதே மாவட்டத்துல 8 இடத்துல 5 தேசிய மக்கள் சக்திக்கு, எந்தப் பெரிய மலையக சங்கமும் கை காட்டாத பக்கம். சனங்க சந்தாவை ஒரு இடத்துலயும் ஓட்டை ஒரு இடத்துலயும் வைக்க பழகிட்டாங்க. எனக்கு இது கெட்டதா தெரியல. ஜெயிச்ச புதுக்கட்சிக்கும் சம்பள விஷயத்துல யாராவது எதிர்ல உக்காரணுமே, அதுக்கு சங்கம் வேணும், எலக்ஷன்ல நிக்காத சங்கமா இருந்தா இன்னும் நல்லது.

கேள்வி: அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்கள் வெளிப்படையா ஒரு கட்சிக்கு ஆதரவு சொல்ல முடியாதே, ஆனா ஆட்சியையே மாத்துற சக்தின்னு சொல்றாங்களே? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஆமாங்க ஐயா, நடத்தை விதி இடம் குடுக்காது, பிரசாரம் பண்ணக்கூடாது. அதனாலதான் அவங்க "கோரிக்கை மாநாடு"ன்னு போடுவாங்க, மேடையில எந்தெந்த தலைவருக்கு நாற்காலி, யார் பேசும்போது கைதட்டு அதிகம்னு பாத்தா போதும், தீர்மானம் எதுவும் படிக்க வேண்டியதில்ல.

2003 ஜூலை உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். வேலைநிறுத்தம் பண்ணினாங்கன்னு சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சுல டிஸ்மிஸ் பண்ணுச்சு, ராத்திரியோட ராத்திரியா சங்கத் தலைவர்களை கைது பண்ணாங்க. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, மன்னிப்பு எழுதிக் குடுத்துதான் நிறைய பேர் திரும்ப வேலைக்கு போனாங்க. அடுத்த வருஷம் எம்பி தேர்தல்ல தமிழ்நாட்டுல 39, புதுச்சேரி 1, நாப்பதும் திமுக கூட்டணிக்கு. ரிசல்ட் வந்த கையோட ஜெயலலிதா பல உத்தரவுகளை வாபஸ் வாங்கினாங்க. ஊழியர்கள் மட்டுமே அந்த ரிசல்ட்டை கொண்டு வந்தாங்கன்னு சொன்னா மிகை, கூட்டணி கணக்கே அப்படி இருந்துச்சு. ஆனா ஒரு ஊர்ல வாத்தியார் வீட்டுல அழுகைன்னா அது அந்த தெருவுக்கே தெரியும், அந்த வேலையை எந்த ஆதரவு அறிக்கையும் செய்யாது.

கேள்வி: எங்க தாத்தா பம்பாய் மில் தொழிலாளி, தத்தா சாமந்த்னா உயிர். அந்த மாதிரி தலைவருங்களே தேர்தல்ல நின்னா என்ன? (தாராவி, மும்பை)

நின்னாங்களே! ஜார்ஜ் பெர்னாண்டஸ் டாக்ஸி, மாநகராட்சி தொழிலாளர் சங்கங்களை கட்டினவர், 1961ல பம்பாய் மாநகராட்சிக்குள்ள போனார், 1967ல பம்பாயோட முடிசூடா மன்னன்னு சொல்லிட்டு இருந்த எஸ்.கே.பாட்டீலையே தோக்கடிச்சு டெல்லி போனார். தத்தா சாமந்த் 1982 ஜனவரி 18ல ஆரம்பிச்ச மில் ஸ்ட்ரைக்ல சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளிய வந்தாங்க, ஸ்ட்ரைக் நொறுங்கிடுச்சு, முதலாளிங்க அசையல, ஆனா 1984ல இந்திரா அனுதாப அலை நாடு பூரா அடிச்சப்ப அவர் மட்டும் சுயேச்சையா மில் ஏரியால ஜெயிச்சார். தோத்த ஸ்ட்ரைக்கோட தலைவருக்கு சனங்க அப்படி ஓட்டு போட்டாங்க.

அடுத்த வருஷமே, 1985ல, மாநகராட்சியை சிவசேனா புடிச்சுது. என் கணிப்பு, டெல்லிக்கு கோவத்தை அனுப்பலாம், வார்டுக்கு ஆள் வேணும். குழாயில தண்ணி வரல, ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரில பெட்டு, பையனுக்கு வேலை, இதுக்கெல்லாம் தெருமுனைல சேனா கிளை ராத்திரி பத்து மணிக்கும் திறந்திருந்துச்சு. சங்க ஆபீஸ் மில் கேட்டு பக்கத்துல இருந்துச்சு, மில் மூடினதும் அதுவும் காலி.

கேள்வி: எங்க அம்மா தூய்மைப் பணியாளர். 2025 ஆகஸ்ட்ல தனியார்கிட்ட குடுக்காதீங்கன்னு ரிப்பன் பில்டிங் முன்னாடி 13 நாள் உக்காந்திருந்தவங்கள்ல ஒருத்தர், கடைசி ராத்திரி போலீஸ் தூக்கிட்டு போனாங்க. அப்போ வராத கட்சி இல்ல, எடுக்காத போட்டோ இல்ல. அடுத்த மாநகராட்சி தேர்தல்ல எங்க ஆளையே நிறுத்தலாமா, இல்ல யாருக்காவது ஆதரவு குடுக்கலாமா? (புளியந்தோப்பு, சென்னை)

தம்பி, இந்த இதழ்ல வந்த கேள்வியிலயே இதுதான் எனக்கு பெரிய கேள்வி. பிரச்சினை வந்த மண்டலம் ராயபுரமும் திரு.வி.க. நகரும், அந்த ரெண்டாவது பேரை பாத்துட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

கணக்குல ஆரம்பிங்க. அந்த ரெண்டு மண்டலத்துல 49லேர்ந்து 78 வரைக்கும் 30 வார்டு. மொத்த சென்னைக்கு 200. உங்க ஆளுங்களை முப்பதுலயும் நிறுத்தினா எல்லாத்துலயும் சிதறிப் போவீங்க. உங்க குடும்பங்க நெருக்கமா இருக்கற ரெண்டு மூணு வார்டு எதுன்னு வாக்காளர் பட்டியலை வச்சு பாருங்க, தெரு தெருவா பேரை குறிச்சு பாருங்க, உணர்ச்சில முடிவு பண்ண வேணாம். மாநகராட்சி வேலைல இருக்கறவங்க நிக்க முடியாது, ஆனா குடும்பத்துல 21 வயசு முடிஞ்ச நீங்க நிக்கலாம். 2022ல மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000, எஸ்சி எஸ்டிக்கு பாதி. காசு அதுல இல்ல, சுயேச்சைக்கு சின்னம் கடைசிலதான் கிடைக்கும், அதுக்கப்புறம் அந்த சின்னத்தை வீட்டு வீட்டுக்கு கொண்டு சேர்க்க இருக்கறது கொஞ்ச நாள்தான், அங்கதான் செலவும் அலைச்சலும்.

மிச்ச வார்டுல நிக்காதீங்க, கேளுங்க. ஒரே ஒரு கேள்வி போதும், தூய்மைப் பணியை தனியாருக்கு விடற தீர்மானம் மன்றத்துக்கு வந்தா நீங்க ஆதரிப்பீங்களா எதிர்ப்பீங்களா, கட்சி கொறடா என்ன சொன்னாலும்? இதை எழுத்துல கேளுங்க, பதிலும் எழுத்துல, கையெழுத்தோட. வேட்புமனு தாக்கலுக்கு முன்னாடியே கேக்கணும், சீட்டு கிடைக்குமா கிடைக்காதான்னு அலையற நேரத்துல மனுஷன் எதுக்கும் பதில் சொல்வான், கிடைச்சதுக்கு அப்புறம் போனை எடுக்க மாட்டான். வந்த பதிலை எல்லாம் ஒரே சார்ட்ல வார்டு நம்பர், பேர், ஆதரவு, எதிர்ப்புன்னு போட்டு காலைல மஸ்டர் (வருகைப் பதிவு) போடற இடத்துல ஒட்டுங்க, எந்தக் கட்சின்னு தனி கட்டம் வேணாம். ஆளுங்கட்சி ஆளா இருந்தாலும் எதிர்க்கட்சி ஆளா இருந்தாலும் எழுதிக் குடுத்தா உங்க ஆதரவு, இல்லைன்னா கிடையாது. யாருமே எழுதித் தராத வார்டுல யாருக்கும் ஆதரவு இல்லைன்னு அதையும் வெளிப்படையா சொல்லிடுங்க, அப்போதான் மத்த வார்டுல குடுக்கற ஆதரவுக்கு மதிப்பு.

அப்புறம், "பரிசீலிப்பேன்"னு யாராவது எழுதித் தந்தா அதை எதிர்ப்பேன்னு சொன்னவங்க கட்டத்துல போடாதீங்க.